எலி தின்ற இளவரசர்

ஜு மாவ்லினின் அப்பா ஒன்பது வயதில் அம்மை கண்டு இறந்துபோனார். அப்படியானால் மாவ்லின் எப்படிப் பிறந்தான் என்று யாராவது கேட்டால், ஷுவாங்ஹு ஊர் ஜு குலப் பதிவேடு மறுதொகுப்புக் குழு பக்க எண்ணோடு பதில் சொல்லும்.

மாவ்லினைப் பெற்றவர் வேறொருவர். அவர் எழுபத்தோரு வயதுவரை குளத்துச் சேற்றில் தாமரைக் கிழங்கு தோண்டினார், மலிவான சிகரெட் பிடித்தார், மகனை ஆயுளில் இரண்டு தடவை பெல்ட்டால் அடித்தார். செத்தபிறகு குலத்தின் மலையில் புதைக்கப்பட்டார். மாவ்லின் அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டான். அவனுக்கு மூன்று வயதானபோது குடும்பத்துப் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, அம்மையில் போன அந்த ஒன்பது வயதுப் பையனுக்கு அவனை மகனாக எழுதிவைத்தார்கள். பையன் மூத்த கிளையைச் சேர்ந்தவன். அவனோடு அந்தக் கிளை முடிந்திருந்தது. செத்தவனுக்கு மறுமையில் செலவுக்குக் காகிதப் பணம் எரிக்க வாரிசு வேண்டும்; இல்லையென்றால் பங்காளி வீட்டிலிருந்து ஒரு பிள்ளையை எழுதிக்கொள்வது அங்கே வழக்கம். பிள்ளை வீடு மாறாது. சோறும் உதையும் பழைய வீட்டிலேயே கிடைக்கும். காகிதத்தில் மட்டும் அப்பா சித்தப்பாவாகவும் அம்மா சித்தியாகவும் ஆகிவிடுவார்கள். காகிதத்தை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை என்பதால் அதனால் ஒரு தொல்லையும் இல்லை.

மாவ்லினுக்கு ஐம்பத்து நான்கு வயதானபோது குழு அதை எடுத்துப் பார்த்தது.

அவன் அப்போது இடுப்பளவு சேற்றில் ரப்பர் உடுப்போடு நின்று, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கிழங்கைத் தளர்த்திக்கொண்டிருந்தான். கரையில் தோல் காலணி போட்ட ஆறு பேர் வரிசையாக வந்து நின்றார்கள். முன்னால் குழுத் தலைவர் ஜு குவாங்ஃபூ. மாவட்டத் தானியக் கிடங்கில் துணை மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மூட்டைகளில் முப்பத்தெட்டு ஆண்டுகள் முத்திரை குத்திய கை இப்போது வேலையில்லாமல் இருந்தது. அவர் ஒரு தாளை விரித்து வாசித்தார். பம்ப் ஓடிக்கொண்டிருந்ததால் மாவ்லினுக்குப் பாதிதான் கேட்டது. பம்ப் உரிமம் பற்றி ஏதோ சொல்கிறார்கள் என்று நினைத்து, பணம் கட்டிய ரசீது வீட்டில் இருப்பதாகச் சேற்றிலிருந்து பதில் சொன்னான்.

தலைவர் பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டு முதலிலிருந்து வாசித்தார். மிங் வம்சத்தின் அரியணைக்கு மூத்த கிளையின் வழியில் உரிமை உள்ளவர் ஜு மாவ்லினே என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது. மிங் பேரரசர்களின் குலப்பெயரும் ஜுதான். அந்த வம்சம் கவிழ்ந்து முந்நூற்று எழுபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாவ்லின் யோசித்துப் பார்த்தான். பிறகு, இருட்டுவதற்குள் இன்னும் எழுபது கிலோ எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் பம்பைப் போட்டான்.

தீர்மானத்துக்கான ஆதாரம் மறுவாரம் குழு அலுவலகத்தில் விளக்கப்பட்டது. அலுவலகம் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பதிவேட்டின் எல்லாப் பக்கங்களிலும் யூரியா நெடி அடித்தது. பழைய புத்தகங்களை எரித்த காலத்தில் அந்தப் பதிவேட்டைப் பன்றிக் கொட்டில் சுவருக்குள் வைத்துப் பூசியிருந்தார்கள். திரும்ப எடுத்தபோது மிங் வம்சம் கவிழ்ந்த ஆண்டும் அதற்கடுத்த ஐம்பது ஆண்டுகளும் இல்லை. எலி தின்றிருந்தது. மற்ற பக்கங்கள் முழுசாக இருந்தன.

தலைவர் எழுந்து நின்று, தேநீர்க் குடுவையின் மூடியைத் திருகி மூடிவிட்டுப் பேசினார். "எலி சும்மா காகிதத்தத் தின்னாது. கிடங்குல முப்பத்தெட்டு வருஷம் எலியோட இருந்தவன் சொல்றேன். அதுக்குத் தரம் தெரியும். மத்த பக்கத்தையெல்லாம் விட்டுட்டு இந்த அம்பது வருஷத்த மட்டும் தின்னுருக்குன்னா, அந்தப் பக்கம் பட்டுல இருந்திருக்கு. பட்டுல யாரப் பத்தி எழுதுவாங்க? உன்னப் பத்தியா, என்னப் பத்தியா? மிங் கவுந்தப்போ தப்பிச்ச இளவரசர் நம்ம ஊருக்குத்தான் வந்திருக்கார். ஆதாரம் இல்லாததுதான் ஆதாரம்."

பதினோரு துணைத் தலைவர்களும் கைதட்டினார்கள். தின்னப்பட்ட பக்கத்தில் ஒரு குதிரைத் திருடனும் இருந்திருக்கலாமே என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். மறுப்பு திரும்பப் பெறப்பட்டதாகக் குறிப்பேட்டில் எழுதினார்கள். கேட்டவர் அதைத் திரும்பப் பெற்றிருக்கவில்லை, ஆனால் எழுதியாகிவிட்டது.

குழுவின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அரச வம்சத் தொடர்பை நிறுவும் ஊர்களுக்கு நெடுஞ்சாலையில் பழுப்பு நிறச் சுற்றுலாப் பலகையும் பேருந்துகள் நிறுத்த இடமும் தரப்படும் என்று மாவட்டம் அறிவித்திருந்தது. ஷுவாங்ஹுவில் தாமரைக் கிழங்கும் மூன்று பாலங்களும் தவிர வேறொன்றும் இல்லை. பக்கத்து ஊருக்கு ஏற்கெனவே ஒரு பலகை கிடைத்திருந்தது. ஏதோ ஒரு கவிஞர் அங்கே மழைக்கு ஒதுங்கினாராம்.

வீட்டில் மாவ்லினின் மனைவி தெங் சியூஜு செய்தியைக் கேட்டுவிட்டு, பேரரசரே, ரப்பர் உடுப்பைக் கழுவி வெளியில் தொங்கவிடுங்கள் என்றாள். அம்மா பெங் யுன்ஷியாங் கணப்பில் கரியைக் கிளறினாள். அவளுக்கு எண்பத்தாறு வயது, வாயில் ஒரு பல்லும் இல்லை, சேர்ந்தாற்போல் பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். கணப்பின் பக்கத்தில் உட்கார்ந்து நாளைக் கழித்தாள். சாவதைப் பற்றி, சந்தைக்குப் போவதைப் போலப் பேசினாள். மலையில் புருஷனின் கல்லில் அவள் பெயரையும் எப்போதோ செதுக்கிவைத்தாயிற்று. உயிரோடு இருப்பவர் பெயருக்குச் சிவப்புச் சாயம். செத்தால் கறுப்பு பூசுவார்கள். கல்லின் ஓரத்தில் நிறுத்தியவர் பெயர்: மகன் மாவ்லின்.

அவளுக்கு இருந்த ஒரே கவலை பாலங்கள். வீட்டிலிருந்து மலைக்குப் போகும் வழியில் மூன்று கால்வாய்கள், மூன்று பாலங்கள். இறந்தவர் தண்ணீரைக் கண்டால் தயங்கி நின்றுவிடுவார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மகன் படத்தை ஏந்தி முன்னால் நடந்து, ஒவ்வொரு பாலத்திலும் பெயர் சொல்லாமல் உறவு சொல்லிக் கூப்பிடவேண்டும். கூப்பிட்டால்தான் பின்னால் வருவார். கூப்பிடாவிட்டால் கால்வாய்க் கரையிலேயே நின்றுவிடுவார். கால்வாய்க் கரையில் நிற்பவர்களைப் பற்றி ஊரில் கதைகள் உண்டு. மாவ்லின் அப்பாவை மூன்று பாலத்திலும் கூப்பிட்டிருந்தான்.

முதல் கடிதம் நவம்பரில் வந்தது. கல்லில் உள்ள பிழையைத் திருத்தும்படி குழு கேட்டிருந்தது. மாவ்லின் மூத்த கிளையின் மகன். ஆகவே மலையில் கிடப்பவர் அவனுக்குச் சித்தப்பா, வீட்டில் இருப்பவர் சித்தி. மகன் என்ற சொல்லைச் செதுக்கி எடுத்துவிட வேண்டும். மலை குலத்துக்குச் சொந்தம், கல் வைக்கக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதையும் கடைசி வரியில் பணிவோடு நினைவூட்டியிருந்தார்கள்.

இரண்டாம் கடிதம் பெருநகரத்திலிருந்து வந்தது, பதினான்கு பக்கம். எழுதியவர் ஜு கெஜியான், நாற்பத்தொரு வயதுப் பல் மருத்துவர். தானே உண்மையான வாரிசு என்றார். மூத்த கிளை அந்த ஒன்பது வயதுப் பையனோடு அறுந்துவிட்டது, எழுதிவைத்த பிள்ளை ரத்தம் ஆகாது, ரத்தத்தின்படி அடுத்த கிளை தன்னுடையது என்பது அவர் வாதம். அவருடைய மருத்துவமனை வாசலில் மினுக்கும் பல் படத்துக்கு மேல் ஒரு கிரீடத்தை முன்கூட்டியே பொருத்தியிருந்தார்.

குழு மூன்று நாள் கூடியது. நான்காம் நாள் தீர்வு வந்தது. அதைவிட நியாயமான தீர்வு இருக்க முடியாது என்று தலைவரே சொன்னார். அரியணை மாவ்லினுக்கு. ஆனால் அவன் மூத்த கிளைக்குப் போய்விட்டதால் அவனைப் பெற்றவர்களுக்கு இப்போது பதிவேட்டில் பிள்ளை இல்லை. பிள்ளையில்லாத தம்பதியை அப்படியே விடுவது குலத்துக்கு இழுக்கு. எனவே பல் மருத்துவர் கெஜியானை அவர்களுக்கு மகனாக எழுதிவிடலாம். ஒருவருக்கு வம்சம், மற்றவருக்கு அம்மா. இரண்டு பேருக்கும் ஏதோ ஒன்று கிடைக்கிறது.

மாவ்லின் அதை அம்மாவிடம் சொன்னான். அந்த ஆள் பல் கட்டுவானா என்று அவள் கேட்டாள்.

கட்டினார். கெஜியான் கெட்டவர் இல்லை. எழுதியபடி நடக்கவேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் காரில் வந்தார், முகக்கவசத்தைக் கழற்றாமலே அம்மா என்று கூப்பிட்டார், மாவை வாயில் வைத்து அச்செடுத்தார், நான்காம் வாரம் மேலும் கீழுமாக ஒரு செட் கொண்டுவந்து பொருத்தினார். பதினொரு வருடத்துக்குப் பிறகு அம்மா விலா எலும்பைக் கடித்தாள். தாமரைக் கிழங்குச் சூப்பில் கிடந்த கறியை ஒவ்வொரு துண்டாக மென்று எலும்பைத் தட்டில் சத்தம் வர வைத்தாள்.

"பெத்தது ஒண்ணு, எழுதிக்குடுத்தது ஒண்ணு," என்றாள் மாவ்லினிடம். "இதுல எனக்குப் பல்லு கட்டினவன் கொஞ்சம் ஒசத்திதான். நீ அம்பது வருஷமா எனக்குக் கெழங்கத்தான் கொண்டாந்து போட்ட."

மாவ்லின் சரி என்றான்.

"ஆனா பாலத்துல நீதான் கூப்பிடணும். அவன் கூப்பிட்டா, யாரோ நோயாளியக் கூப்பிடறான்னு நெனச்சு நான் உக்காந்துருவேன்."

அதற்கும் சரி என்றான். சொன்ன பிறகுதான், அதைத் தன்னால் செய்ய முடியாது என்பது அவனுக்கு உறைத்தது. படம் பிடிப்பதும் பாலத்தில் கூப்பிடுவதும் மகனின் வேலை. அவன் மகன் இல்லை. குழுவை மீறினால் மலையில் இடம் கிடைக்காது. இடம் கிடைக்காவிட்டால் மூன்று பாலமும் எதற்கு.

மறுநாள் சேற்றைக் கழுவிவிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனான். முகப்பில் லுவோ யென் என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், மேசையில் ஒரு கள்ளிச் செடி. பேரரசர் பதவியிலிருந்து விலகுவதாக மாவ்லின் எழுதிக் கொண்டுபோயிருந்த தாளை அவள் விரல் படாமல் படித்தாள்.

"பேரரசர்னு ஒண்ணு கெடையாதுன்னு நூறு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு," என்றாள். "இல்லாத பதவிலேருந்து நீங்க விலகறீங்க, அதுல நான் முத்திரை குத்தறேன்னு வெச்சுக்கங்க. பதவி இருக்குன்னு அரசாங்கம் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அப்புறம் உங்களையும் கூட்டிட்டுப் போவாங்க, என்னையும் கூட்டிட்டுப் போவாங்க. இந்தத் தாள நீங்களே வெச்சுக்கங்க. நான் பாக்கல."

நகராட்சிக் கோப்பில் அவனுடைய பதவி தற்காலிக மரபுத் தொடர்ச்சிப் பொறுப்பாளர் என்றுதான் இருந்தது. அதிலிருந்தாவது விலகலாமா என்று கேட்டான். அது குழு நியமித்தது, குழுதான் விடுவிக்க வேண்டும், நகராட்சி சுடுகாட்டுச் சான்றிதழ் மட்டும்தான் தரும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, கிழங்கு இந்த வருடம் மாவாக இருக்கிறதா மொறுமொறுவென்று இருக்கிறதா என்று விசாரித்தாள். மாவாக என்றான். அவள் இரண்டு கிலோ கேட்டாள்.

உரக்கடை மாடியில் தலைவர் அவனைத் தெற்கு பார்த்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டார். பேரரசர் இருக்கும்போது மற்றவர் உட்காரக் கூடாது. ஆனால் அவருக்கு முழங்கால் வலி. ஆகவே பேச்சு சுருக்கமாக இருக்கவேண்டும் என்றார். மாவ்லின் விலகவேண்டும் என்றான். தலைவர் புன்னகைத்தார். துறப்பதற்கு முதலில் ஏறியிருக்க வேண்டும். ஏறாத அரியணையைத் துறந்தவர் நாலாயிரம் ஆண்டில் யாரும் இல்லை.

பிறகு, வலியையும் மறந்து, ஜியாஜிங் பேரரசரின் கதையைச் சொன்னார். "நம்ம மாகாணத்துக்காரர். உங்க கேஸேதான் அவரும். பெரியப்பா மகன் பிள்ளையில்லாம செத்து அரியணை இவருக்கு வந்துச்சு. அமைச்சருங்க என்ன சொன்னாங்க? செத்த பெரியப்பாவ அப்பான்னு கூப்பிடு, பெத்தவர சித்தப்பான்னு கூப்பிடுன்னாங்க. முடியாதுன்னார். மூணு வருஷம் இழுத்துச்சு. கடைசியில அரண்மன வாசல்ல உக்காந்து அழுத அமைச்சருங்களக் குப்புறப் போட்டு அடிச்சார். நூத்தியெம்பது பேரு. பதினாறு பேரோ பதினேழு பேரோ செத்தாங்க. அதுக்கப்புறம் அப்பாவ அப்பான்னு கூப்பிட்டார். முறைப்படி."

மாவ்லின் கேட்டுக்கொண்டான். "நான் யார அடிக்கணும்?"

"அது ஏறினதுக்கப்புறம்," என்றார் தலைவர்.

ஆகவே ஜு மாவ்லின் அரியணை ஏறச் சம்மதித்தான். ஏறி, ஒரே ஓர் ஆணை போட்டுவிட்டு இறங்கிவிடலாம் என்று நினைத்தான். இதைச் சியூஜுவிடம் சொன்னபோது, பேரரசிக்கு நாற்காலி உண்டா என்று கேட்டாள். குழுவிடம் கேட்டுச் சொன்னான்: இந்த ஆண்டுத் திட்டத்தில் இல்லை. நல்லது, அன்றைக்குச் சந்தை நாள் என்றாள்.

டிசம்பரில் கிழங்குத் திருவிழா. நகராட்சியின் அனுமதிச் சீட்டில் 'மரபு உடை நிகழ்ச்சி, பதினைந்து நிமிடம், அரசியல் உள்ளடக்கம் இல்லை' என்று இருந்தது. சூப்புப் போட்டிக்கும் நீளமான கிழங்குக்குப் பரிசளிப்பதற்கும் நடுவில் வைத்திருந்தார்கள். அங்கி படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடும் கடையிலிருந்து வந்தது. அது மிங்கைக் கவிழ்த்தவர்களின் அங்கி. கைகளை வெட்டித் தைத்து மிங் ஆக்கியிருந்தார்கள். கிரீடத்தில் தொங்கிய மணிச் சரங்கள் கார் இருக்கை விரிப்பிலிருந்து எடுத்தவை. அரியணை கல்யாண மண்டபத்தின் சிவப்பு நாற்காலி. பேரரசர் தெற்கு பார்க்க வேண்டும். மேடை கிழக்கு பார்த்திருந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டதால் கூட்டம் பதினைந்து நிமிடமும் அவனுடைய இடது காதைப் பார்த்தது.

நாற்காலிக்கு அருகில் ஒரு முக்காலியில் ஜு யோங்ஹான் இருந்தார். ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர். பேரரசரின் ஒவ்வொரு சொல்லையும் செயலையும் எழுதிவைக்கும் பதவிக்கு அவரை நியமித்திருந்தார்கள். எழுதுவதைப் பேரரசர் படிக்கக் கூடாது. பழைய அரசர்களுக்கும் அந்த உரிமை இருந்ததில்லை. அட்டையில் முயல் படம் போட்ட நோட்டில் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். மாவ்லின் மூக்கைச் சொறிந்தான். அவர் எழுதினார். மாவ்லின் அவரைப் பார்த்தான். அதையும் எழுதினார்.

ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தபோது மாவ்லின் ஆணையை வாசித்தான். மனைவியின் உதவியோடு எழுதியது, ஒரே வரி. பெங் யுன்ஷியாங் என் அம்மா. கூட்டம் கைதட்டியது. சூப்புக்குத் தட்டிய அளவு இருக்கும். சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருந்த அம்மா தட்டவில்லை. புதுப் பற்களால் வறுத்த கடலையை மென்றுகொண்டிருந்தாள்.

அவன் இறங்குவதற்குள் ஆணை திரும்பி வந்துவிட்டது. பதினோரு துணைத் தலைவர்களும் அமைச்சரவையாகக் கூடிப் பரிசீலித்திருந்தார்கள். விண்ணின் கட்டளையால் என்ற சொற்களோடு தொடங்காத ஆணை செல்லாது. அந்தச் சொற்கள் மூடநம்பிக்கையைப் பரப்புபவை என்று நகராட்சி அனுமதிச் சீட்டின் பின்பக்கத்தில் தடை செய்திருந்தது. அவற்றைச் சேர்த்தால் குற்றம், சேர்க்காவிட்டால் ஆணை இல்லை. அடுத்த மறுதொகுப்பில் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார் தலைவர். பதிவேடு முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுதொகுக்கப்படும். பதவி துறப்பதற்கும் அதே கால அட்டவணைதான். இதற்கிடையில் மாட்சிமை கவலைப்பட வேண்டாம். மாட்சிமைக்கு மகள் மட்டும் இருப்பதால், பதிவேட்டில் எழுத ஒரு மகனைப் பார்த்துவருகிறார்கள். நல்ல இடமாக.

மாவ்லின் அங்கியைக் கழற்றிக் கொடுத்தான். ஒரு தையல் பிரிந்திருந்தது, கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். யாரை அடிக்கலாம் என்று மேடையிலிருந்தே பார்த்திருந்தான். பதினோரு பேருக்கும் அறுபதுக்கு மேல். இரண்டு பேர் ஊன்றுகோல் வைத்திருந்தார்கள்.

திருவிழா முடிந்த பதினொன்றாம் நாள் காலையில் அம்மா செத்துப்போனாள். சியூஜு கஞ்சி கொண்டுபோனபோது உடம்பு ஆறியிருந்தது. பல் செட் வாயிலேயே இருந்தது. மாவ்லின் குளத்திலிருந்து வந்து, கையைக் கழுவிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அழுகை வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கலாமா என்று சியூஜு கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றான்.

பேரரசர் ஒரு சித்தியின் சாவில் என்ன செய்யலாம் என்பதை முடிவுசெய்யக் குழுவுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. உட்காரலாம். முன்னால் நடக்கக் கூடாது. மண்டியிடக் கூடாது. வெள்ளைத் துணியை இடது கையில் மட்டும் கட்டலாம். பிரஜையை நேரடியாகக் கூப்பிடக் கூடாது. அம்மா என்ற சொல்லை, ஒன்பது வயதில் இறந்தவருக்கு மனைவியாக வரவிருந்த ஒருவருக்காக ஒதுக்கி வைத்திருப்பதால், வேறு யாருக்கும் பயன்படுத்தக் கூடாது. மாவ்லின், பாலங்களில் மட்டும் தான் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றான். சித்தி என்று கூப்பிட ஆட்சேபனை இல்லை, அதுவும் யோங்ஹான் வழியாக என்றார்கள். அவளை ஐம்பத்து நான்கு வருடத்தில் யாரும் சித்தி என்று கூப்பிட்டதில்லை. அந்தப் பெயருக்கு அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள் என்றான். அதைக் குறித்துக்கொண்டார்கள்.

சுடுகாட்டிலிருந்து சாம்பல் பெட்டி வந்த பிறகு ஊர்வலம் கிளம்பியது. முன்னால் கெஜியான், தலையில் வெள்ளைத் துணி, கையில் அம்மாவின் படம். அடுத்து பெட்டியைச் சுமந்தவர்கள், தாளக்காரர்கள், குழு. எல்லோருக்கும் பின்னால் கிழங்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டியில் சிவப்பு நாற்காலியைக் கட்டி, அதில் மாவ்லினை உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் யோங்ஹான் முயல் நோட்டோடு நடந்தார். வடக்கே போகும் ஊர்வலத்தில் மாவ்லின் தெற்கு பார்த்து உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தன் வீடு சிறிதாகிக்கொண்டே போனதுதான்.

முதல் பாலத்தில் தாளம் நின்றது. மாவ்லின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். கெஜியான் பாலத்தின் நடுவில் நின்று தண்ணீரைப் பார்த்தார். ஏதோ சொல்லவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நகரத்தில் வளர்ந்தவர், என்ன சொல்வது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

"அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கங்க," என்றார். "இதோ முடிஞ்சிரும்."

ஊர்வலம் நகரத் தொடங்கியது. மாவ்லின் வண்டியிலிருந்து இறங்கினான். அவசரப்படவில்லை. சேற்றில் நடப்பதுபோல ஒவ்வொரு காலாக வைத்து நடந்து, தாளக்காரர்களைத் தாண்டி, பெட்டியைத் தாண்டி வந்தான். பாலத்தின் வாயில் தலைவர் குறுக்கே நின்றார். இந்தத் தடவை அவர் கையில் தாள் இல்லை.

"மாவ்லின், சொன்னாக் கேளு. இத்தன பேருக்கு முன்னாடி நீ அவங்கள அம்மான்னு கூப்பிட்டீன்னா மூத்த கிளை அங்கேயே அறுந்துரும். கிளை அறுந்தா வம்சம் இல்ல. வம்சம் இல்லேன்னா பலகை இல்ல. நெடுஞ்சாலையில குழி தோண்டியாச்சுப்பா. ரெண்டு குழி. சிமெண்டும் கலக்கியாச்சு."

மாவ்லின் அவரைப் பார்த்தான். நூற்றியெண்பது பேரை அடித்த பேரரசர் நினைவுக்கு வந்தார். அந்த ஆளுக்கு எவ்வளவு தெம்பு இருந்திருக்க வேண்டும். மாவ்லினுக்குக் கை மரத்திருந்தது. தலைவரின் தோளில் அந்தக் கையை வைத்து, கதவைத் தள்ளுவதுபோல ஓரமாக நகர்த்திவிட்டுப் போனான்.

கெஜியான் படத்தை நீட்டினார். "நீங்க பிடிங்கண்ணே. எனக்கு வரல."

"நீயே பிடி," என்றான் மாவ்லின். "பல்லு கட்டினது நீதான்."

பாலத்தின் தொடக்கத்துக்குத் திரும்பி வந்து, ஊர்வலத்துக்குப் பின்னால் காலியாக இருந்த பாதையைப் பார்த்தான். பம்புச் சத்தத்தில் பேசிப் பழகிய குரல். கரைகள் இரண்டிலும் கேட்டது.

"அம்மா. மொதப் பாலம். எடப் பக்கம் கைப்பிடி இல்ல, வலது பக்கமா வா. நான் முன்னாடி போறேன்."

தாளக்காரர்கள் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் தன் காலணியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒருவன் தாளத்தைத் தட்டினான். மாவ்லின் கெஜியானுக்குப் பக்கத்தில் நடந்தான். இரண்டாம் பாலத்திலும் கூப்பிட்டான். மூன்றாம் பாலத்தில் குரல் கொஞ்சம் உடைந்தது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை.

"கடைசிப் பாலம், அம்மா. அந்தப் பக்கம் அப்பா."

மலையில் குழி தயாராக இருந்தது. புதுக் கல்லும் தயாராக இருந்தது. மகன் கெஜியான் என்று செதுக்கி, அம்மாவின் பெயருக்குக் கறுப்பும் பூசியாயிற்று. மாவ்லின் கல்லைப் படித்தான். மண்வெட்டியை வாங்கி மண் தள்ளினான். மற்றவர்கள் இறங்கும்வரை தள்ளிக்கொண்டே இருந்தான். எதுவும் தோன்றவில்லை. பசித்தது.

அதே நேரத்தில் குழு மூன்றாம் பாலத்தின் மேல் பத்து நிமிடம் அவசரமாகக் கூடியது. யோங்ஹான் முயல் நோட்டைத் தலைவரிடம் நீட்டினார். நடந்ததை அப்படியே எழுதியிருந்தார். எழுதியதை அழிக்க மரபு இடம் கொடுக்காது. ஆனால் ஈரத்தில் விழுந்த பக்கத்தைப் படியெடுக்க இடம் கொடுக்கும். நோட்டை ஈரத்தில் போட்டு எடுத்துவிட்டு, தலைவர் சொல்லச் சொல்ல யோங்ஹான் புதுப் பக்கத்தில் எழுதினார். பதினோரு பேரும் கையெழுத்திட்டார்கள். ஒரு படி மாவட்டத்துக்குப் போனது. பேரரசர் படிக்கக் கூடாது என்பதால் மாவ்லினுக்குப் போகவில்லை. பதிவேட்டில் அந்தத் தேதிக்கு எதிரே இப்போதும் இருப்பது இதுதான்:

'மாட்சிமை பொருந்தியவர் இன்று வாகனத்தை விட்டிறங்கி, ஊரின் மூன்று பாலங்களையும் கால்நடையாக ஆய்வு செய்தார். ஒவ்வொன்றிலும் உரக்கக் குரல் கொடுத்து அதன் உறுதியைச் சோதித்தார். முதல் பாலத்தில் இடப் பக்கக் கைப்பிடி இல்லை என்பதைக் குறிப்பிட்டார். மற்றபடி பாலங்கள் நல்ல நிலையில் உள்ளன. மறுப்பு ஏதுமில்லை.'